பெரியம்மா வாங்கிய நல்லெண்ணெய்

ஐயா,

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக விளம்பர வாசகம் எழுதிவருகிறேன். சென்ற மாதம் எங்களுக்கு ‘சமூக ஊடக நெறிமுறை’ என்று ஏழு பக்கம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். வெளிவராத விளம்பரத்தின் படத்தைப் போடாதே, வாடிக்கையாளரின் ரகசியத்தைப் பேசாதே, போட்டி நிறுவனத்தைக் கேலி செய்யாதே. இதெல்லாம் நியாயம்தான்.

ஐந்தாம் பக்கம்தான் இடிக்கிறது. வாடிக்கையாளரின் பதிவு வெளியான அரை மணி நேரத்துக்குள் ஊழியர்கள் அதைத் தங்கள் சொந்தக் கணக்கில் பகிர வேண்டும். ‘சொந்த அனுபவம் போல’ நாலு வரி சேர்க்க வேண்டும். இங்கே வேலை பார்ப்பது தெரியக் கூடாது.

இதுவரை இது வாய்மொழி உத்தரவாக இருந்தது. யார் பகிர்ந்தார்கள் என்று குறித்துவைக்க எக்செல் பட்டியல் ஒன்று உண்டு. பகிராதவர் கட்டம் சிவப்பாகிவிடும். எனக்கு இரண்டு முறை சிவப்பு விழுந்தது. மூன்றாம் முறை வம்பு எதற்கு என்று ஒரு நல்லெண்ணெய் விளம்பரத்தைப் பகிர்ந்து, ‘எங்கள் வீட்டுத் தோசைக்கு இதுதான்’ என்று எழுதினேன். எங்கள் வீட்டில் வாங்குவது தெருமுனைச் செக்கு எண்ணெய்.

பொங்கலுக்கு மன்னார்குடி போயிருந்தேன். பெரியம்மாவின் அடுப்பு மேடையில் அந்த எண்ணெய் இரண்டு பாட்டில். “நீ போட்டிருந்தாயே, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். விலைதான் கொஞ்சம் கூட” என்றார். எண்ணெயில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்று அவர் வார்த்த தோசை எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் விதிகள் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் சமூக ஊடகப் பரிந்துரைகளுக்கென்று மத்திய அரசு ஒரு கையேடும் வெளியிட்டது. பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் அதை விற்பவருக்கும் இடையே பணமோ, இலவசமோ, உறவோ, வேலைத் தொடர்போ இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. பதிவு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்துவைக்கக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதை மேலாளரிடம் காட்டினேன். “அதெல்லாம் லட்சம் பேர் பின்தொடரும் பிரபலங்களுக்கு. உங்களுக்கு இருப்பது முந்நூறு பேர்” என்று சிரித்தார். கையேட்டில் அப்படி ஓர் எண்ணிக்கையே இல்லை. பார்வையாளரோடு உள்ள உறவால் அவர்கள் வாங்கும் முடிவை மாற்றக்கூடியவரும் அதில் அடக்கம். என்னுடைய முந்நூறு பேரில் பாதிப் பேர் சித்தப்பாவும் அத்தையும் பள்ளித் தோழர்களும்தான். பிரபலம் சொன்னால் பணம் வாங்கியிருப்பார் என்று அவர்களுக்கே தெரியும். நான் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

பகிர்வதே கூடாது என்று நான் சொல்லவில்லை. விருப்பமுள்ளவர் பகிரட்டும்; ‘இது நான் வேலை செய்யும் நிறுவனம் தயாரித்த விளம்பரம்’ என்று முதல் வரியில் தமிழில் எழுதிவிட்டுப் பகிரட்டும். செய்தித்தாளில் கட்டம் கட்டி மேலே ‘விளம்பரம்’ என்று போடுவதில்லையா, அதுபோல. இந்தத் தொழிலில் இருக்கும் மற்ற நிறுவனங்களும் தங்கள் ஐந்தாம் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் நல்லது.

என் பெயரைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். இந்த வாரம் நெய் விளம்பரம் வந்தது; பட்டியலில் என் கட்டம் மறுபடியும் சிவப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை