கழிவு மேடுகளை ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிலக்கரிச் சுரங்கங்களின் கழிவு மேடுகளை ஆய்வு செய்யும் அதிகாரிகளுக்கும், அவர்கள் அனுப்பும் அறிக்கையை வாங்கிக் கோப்பில் போடுபவர்களுக்கும்,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உயரம், சரிவின் கோணம், படிகளின் அகலம் என்று எல்லாவற்றையும் அளக்கிறீர்கள், சரி. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கிறீர்களா?

1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபர்ஃபானில் சரிந்த ஏழாம் எண் மேடு, வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருந்த ஊற்றின் மேல் கொட்டப்பட்டது. செத்தவர்கள் 144 பேர், அதில் 116 பேர் குழந்தைகள். 1963இலேயே அந்த மேடு ஒருமுறை சரிந்திருந்தது, மேட்டுக்குக் கீழே இருந்த பள்ளிக்குப் பின்னால் கொட்டுவது ஆபத்து என்று உள்ளாட்சியிலிருந்து கடிதமும் போயிருந்தது. இந்த மேடுகளுக்கென்று அங்கே தனிச் சட்டம் வந்ததோ 1969இல்.

சட்டமும் ஆய்வும் இருந்தால் மட்டும் போதுமா? 1972 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பஃபலோ கிரீக்கில், சுரங்கக் கழிவையே கொட்டி எழுப்பிய அணை உடைந்து 125 பேர் போனார்கள். நான்கே நாள் முன்பு அதை ஆய்வாளர் ஒருவர் திருப்திகரம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

அதனால் நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு போங்கள். வண்டியிலிருந்து இறங்கி மேட்டின் அடிவாரத்தை முழுக்கச் சுற்றி நடங்கள். கசிவு தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா? நேற்று வரை தெளிவாக வந்தது திடீரென்று கலங்கினால் உள்ளிருந்து நுண்துகள் அரித்துக்கொண்டு வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும், அடிவாரம் புதிதாக உப்பியிருந்தால் இன்னும் மோசம். அப்புறம் மேலே ஏறி, விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசலைத் தேடுங்கள். இரண்டு பக்கமும் ஒரு முளை அடித்து இடைவெளியை அளந்து தேதியோடு எழுதினால், அடுத்த முறை வருபவருக்கு அது எவ்வளவு வேகமாக விரிகிறது என்று தெரியும். விரிசலை மண் போட்டு மூடுவது தப்பில்லை, மழைநீர் உள்ளே இறங்காமலிருக்க மூடத்தான் வேண்டும், ஆனால் அளக்காமல் மூடிவிட்டால் (ஆய்வுக்கு முந்தின நாள் மூடுபவர்களும் இருப்பார்கள்) கையிலிருந்த ஒரே தடயமும் போச்சு.

கைவிட்ட மேடுகளையும் விட்டுவிடாதீர்கள். 2020 பிப்ரவரியில், புயல் மழையில், வேல்ஸின் டைலர்ஸ்டவுனில் சரிந்தது அப்படி ஒரு பழைய மேடுதான்.

அறிக்கையை வாங்குபவர்களுக்கு: போன முறை அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அடைபட்ட வடிகால் மூன்று அறிக்கையிலும் அதே வரியாக வந்தால், நிறுவனத்துக்கு இன்னொரு நினைவூட்டுக் கடிதம் போடாமல் அங்கே கொட்டுவதை நிறுத்துங்கள். அறிக்கையின் ஒரு நகல் மேட்டுக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கும் போகட்டும்.