வட்டவடையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பேரன் பிறந்த செய்தி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். மருமகளுக்குக் கொடுக்க நம்ம மலைப்பூண்டு எடுத்து வைத்திருக்கிறாள் உன் தங்கச்சி. அடுத்த ஜீப்பில் போடிக்கு வரும்.

இன்னும் உருளைக்கிழங்கையே கட்டிக்கொண்டு அழுகிறாயா என்று கேட்டிருந்தாய். அழத்தான் செய்கிறேன்! தாத்தா கழுதைகளில் மூட்டை ஏற்றி, டாப் ஸ்டேஷன் வழியாகக் குரங்கணி இறங்கி உங்கள் ஊர்ச் சந்தைக்கு வருவார். 1956இல் எங்கள் தேவிகுளம் தாலுகா கேரளத்தோடு போன பிறகும் அவர் வழியை மாற்றவில்லை. அப்பா காலத்தில் கூலி கட்டுப்படியாகாமல் மேல்தட்டு வயல்களில் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம் நட்டார். மரம் வளர்ந்தது, ஓடை வற்றியது. அந்த வேர்க்கட்டைகளைப் பெயர்க்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

ஆனால் மண்ணைத் திருப்பி எடுத்தும் பழைய விளைச்சல் வரவில்லை. செடி நோஞ்சானாக நின்றது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் கடுகைவிடச் சிறிய மஞ்சள் மணிகள். முட்டைக்கூட்டு நூற்புழுவாம். 1961இல் நீலகிரியில் கண்டுபிடித்த அதே புழு. ஒவ்வொரு மணிக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டை. இருபது வருஷம்கூட மண்ணில் சும்மா கிடக்கும். பக்கத்தில் கிழங்குச் செடி வேர்விட்டால், அதில் கசியும் சாறு பட்டு முட்டை பொரிக்கும். என்ன பொறுமை பார்! விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணிலும், சாக்கிலும், மண்வெட்டியிலும்கூட வந்துவிடும். மலிவு என்று யார் யாரிடமோ நாங்கள் எல்லோரும் விதை வாங்கியிருக்கிறோம். எந்த மூட்டையில் வந்ததென்று யாரைக் கேட்பது?

தாத்தா நிலத்தைத்தான் சொத்தென்று நினைத்தார். என்னைக் கேட்டால் விதைதான் முதல் சொத்து. ஊட்டி முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் இந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா, குஃப்ரி நீலிமா ரகங்கள் உண்டு. நல்ல விதை கைக்கு வரும்வரை கீழ்த்தட்டில் பூண்டு, பீன்ஸ், கேரட் என்று மாற்றிப் போடப்போகிறேன். தக்காளி, கத்தரி மட்டும் ஆகாது, அவையும் கிழங்கின் பங்காளிகள்தான், புழு அங்கேயும் ஏறும். மகனுக்கு இதில் பொறுமை இல்லை, ஸ்ட்ராபெர்ரி போட்டுச் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கலாம் என்கிறான். ஒரு தட்டை அவனுக்கே விட்டுவிட்டேன், செய்து பார்க்கட்டும்.

அப்புறம், போடி மண்டியில் பூண்டு என்ன விலை போகிறது என்று விசாரித்து எழுது. இங்கே வரும் வியாபாரி சொல்லும் விலையை நம்ப முடியவில்லை.

அன்புடன்,
உன் மச்சான்