கேமா இல்லையா என்று கேளுங்கள், அந்தப் பெண்ணை ஏன் துரத்துகிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் செல்போன் கேம்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ரம்மியில் பணம் விட்டவர்களைப் பற்றி எழுதியது சரி. ஆனால் போகிற போக்கில், வெறுமனே கதையைப் படிக்கவைத்துவிட்டு அதையும் கேம் என்கிறார்கள் என்று ஒரு வரி வருகிறது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

2003 முதல் 2014 வரை வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு சந்தில் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். எட்டு கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய். சாயங்காலம் காலேஜ் பையன்கள் வந்து கவுன்டர் ஸ்டிரைக்கும் வைஸ் சிட்டியும் ஆடுவார்கள். பகலில் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளத்துக்காரர்கள் ஊருக்கு மெயில் அனுப்ப வருவார்கள். அவர்களில் ஒருவர், மகளின் பயாப்சி ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவர், மூன்று நாள் தொடர்ந்து வந்து சாலிடேர் மட்டும் ஆடினார். ஜெயித்தாலும் முகம் மாறாது, அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார். "இதெல்லாம் ஒரு கேமா அண்ணே?" என்று பையன்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தங்கள் இடத்துக்குப் போய்விடுவார்கள். அந்த மனிதரை ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

என் அக்கா குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் மகள் பி.சி.ஏ. படிக்கிறாள். ட்வைன் என்ற இலவச மென்பொருளை வைத்து அவளே தமிழில் ஒரு கேம் செய்தாள். படம் கிடையாது, சத்தம் கிடையாது, எழுத்து மட்டும்தான். அதில் நீங்கள் பத்தாவது படிக்கும் பெண். சாயங்காலம் ஆறு மணி. ஊறவைத்த இலை ஈரச்சாக்கில் இருக்கிறது. அம்மாவின் மடியில் முறம். நாளை கணக்குப் பரீட்சை. இலை வெட்டிக் கொடுக்கப் போகிறீர்களா, படிக்கப் போகிறீர்களா? படிக்கப் போனால் மறுநாள் கட்டு குறையும், ஏஜென்ட் கழித்ததுபோக வீட்டுக்கு வருவதும் குறையும். ஐந்தாவது நாளில் 'படிக்கப் போகிறேன்' என்ற வரி திரையில் தெரியும், ஆனால் அதன் மேல் கோடு அடித்திருக்கும். அதை அழுத்த முடியாது. நான் உட்கார்ந்து ஆடியபோது அந்த இடத்தில் மவுஸை விட்டுவிட்டேன். அக்கா மகள் எங்களிடம் வாய்விட்டுச் சொல்லாததை எல்லாம் அந்த ஒரு கோட்டில் வைத்திருந்தாள்.

இந்தக் கோடு போடும் உத்தியை 'டிப்ரஷன் குவெஸ்ட்' என்ற கேமிலிருந்து எடுத்ததாகச் சொன்னாள். 2013இல் ஸோயி குவின் என்பவரும் இன்னும் இருவரும் செய்தது. மன அழுத்தத்தில் இருப்பவருக்கு நல்ல வழிகள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் எடுக்க முடியாது என்பதை அப்படிக் காட்டினார்கள். அதற்கும் இது கேமே இல்லை என்றார்கள். 1976இல் வில் கிரௌதர் எழுதிய 'அட்வென்ச்சர்' முழுக்க எழுத்துதான், அதைக் கேம் என்று இன்றுவரை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். 2014 ஆகஸ்டில் 'டிப்ரஷன் குவெஸ்ட்' ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வந்த சமயத்தில், பழக்கத்தைப் பயன்படுத்தி ஒரு பத்திரிகையாளரிடம் நல்ல விமர்சனம் வாங்கினார் என்று குவின் மேல் பழி கிளப்பினார்கள். அந்தப் பத்திரிகையாளர் அந்தக் கேமுக்கு விமர்சனமே எழுதவில்லை. வீட்டு விலாசம், போன் நம்பர், கொலை மிரட்டல் என்று போய், குவின் வீட்டைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. அதே வருஷம் அக்டோபரில், கேம்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பேசிவந்த அனிதா சர்கீசியனின் கூட்டம் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச்சூடு மிரட்டலால் ரத்தானது.

இதெல்லாம் அமெரிக்காவில் நடந்தது என்று நினைத்திருந்தேன்.

அக்கா மகள் தன் கேமை ஒரு குழுவில் போட்டாள். முதல் நாள் "இது கேமா, பி.டி.எஃபா?" என்று ஒருவர் கேட்டார். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். அது நியாயமான கேள்விதான், நானே கேட்டிருப்பேன். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழித்துப் பரமபதம் ஆடுகிறோமே, அதில் நாம் முடிவெடுக்க என்ன இருக்கிறது? தாயம் சொல்கிறபடி ஏறுகிறோம், பாம்பு கடித்தால் இறங்குகிறோம். அதை விளையாட்டு இல்லை என்று யாராவது சொன்னார்களா? இப்படி ஒரு நாள் முழுக்க வாதாடலாம், எனக்கும் ஆசைதான்.

மூன்றாம் நாள் வாதம் போய்விட்டது. காலேஜ் விழாவில் எடுத்த அவள் போட்டோவை எடுத்து, வேறு உடம்பில் ஒட்டிச் சுற்றுக்கு விட்டார்கள். வீட்டு போன் நம்பரையும் தெருப் பெயரையும் கூடவே போட்டார்கள். ராத்திரி ஒரு மணிக்கு வந்த போனை அக்காதான் எடுத்தார். காலைக்குள் ஆயிரம் முடிக்க வேண்டும் என்று விழித்திருந்தவர். கையில் கத்தரிக்கோல். எதிர்முனையில் ஒரு பையன் "ரேட் என்ன?" என்று கேட்டிருக்கிறான். அக்காவுக்கு முதலில் புரியவில்லை. பீடிக்குத்தான் விலை கேட்கிறான் என்று நினைத்து, கம்பெனியில் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பெண்பிள்ளைகள் மணலில் கட்டிய சின்ன வீட்டைக் காலால் கலைக்காதே என்று கெஞ்சும் பாட்டு. அங்கே கலைப்பவன் குழந்தை. ராத்திரி ஒரு மணிக்குப் போன் போட்டவன் குழந்தை இல்லை.

புகார் கொடுக்கப் போன இடத்தில் முதல் கேள்வி, "பணம் ஏதாவது போச்சா?" இல்லை என்றதும், "அப்புறம் என்ன, அந்த கேமை எடுத்துடும்மா" என்றார்கள். அவள் எடுத்துவிட்டாள். ஒருத்தியைப் போனிலும் இணையத்திலும் விடாமல் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி குற்றம், முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்பதை அந்த மேஜையில் நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் பெரும்பாலும் பணமோசடிக்கானது. மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்குத் தனிப்பகுதி இருக்கிறது, அதில் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். இதை உங்கள் நாளிதழ் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் எத்தனையோ வீடுகளுக்கு உதவும்.

பணம் வைத்து ஆடுவதைத் தனியாகப் பிரித்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அங்கே எது கேம் என்ற வரையறை அவசியம், குடும்பங்கள் பிழைக்கும். ஒரு பெண் தன் வீட்டு முறத்தைப் பற்றி எழுதியதற்கு என்ன பெயர் வைத்தாலும் யாருக்கு என்ன நஷ்டம்? கட்டுரையாளர் அந்த வரியைக் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று நம்புகிறேன். ஆனால் அக்கா மகள் அதைப் படித்துவிட்டு என்னிடம், "மாமா, பேப்பர்லயும் அதையேதான் சொல்றாங்க" என்றாள்.

வீட்டு போன் நம்பரை மாற்றிவிட்டோம். புது நம்பரைக் கொடுக்க ஏஜென்ட்டிடம் போனபோது, ஏன் மாற்றினீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். அக்கா பதில் சொல்லாமல் கட்டுகளை எண்ணி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

இப்படிக்கு,
பழைய பிரவுசிங் சென்டர்காரர், வேலூர்
(அக்கா மகளை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம்.)