மார்ச் 31க்குள் இன்னும் 344 பங்குகள்: தொழில்முனைவோர் விருது நிதிக்கு நன்கொடை வேண்டுகோள்

மும்பை வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கும், தாராவி, மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி ஆகிய பகுதிகளில் நமக்காக ரசீதுப் புத்தகங்களைச் சுமந்து வீடு வீடாக ஏறி இறங்கும் அன்பர்களுக்கும் விருது நிதிக் குழுவினரின் பணிவான வணக்கம்.

சமூகப் பொறுப்போடு தொழில் நடத்தி, மாணவர்களுக்கு ஊக்கமாக விளங்கும் தொழில்முனைவோர் ஒருவரை ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்துப் பாராட்டுவதற்கான நிரந்தர வைப்பு நிதியை நம் மக்கள் ஏற்படுத்தித் தருவதென்று முடிவு செய்ததையும், பல்கலைக்கழக நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்ததையும் முதல் மடலிலேயே தெரிவித்திருந்தோம். அந்த ஒப்புதலுக்குக் கெடு உண்டு. மார்ச் 31ஆம் தேதிக்குள் 25,00,000 ரூபாயையும் முழுமையாகச் செலுத்தாவிட்டால் ஒப்புதல் காலாவதியாகிவிடும். மறுபடியும் விண்ணப்பம் எழுதி, மறுபடியும் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து வரக் காத்திருக்க வேண்டும். இன்றுவரை வந்து சேர்ந்திருப்பது 16,40,000 ரூபாய். குறைவது 8,60,000 ரூபாய். ஒரு பங்கு 2,500 ரூபாய் என்ற கணக்கில் 656 பங்குகள் சேர்ந்துள்ளன. 344 பங்குகள் சேர வேண்டும்.

நிதியைப் பங்குகளாகப் பிரித்ததன் காரணத்தைப் பலர் கேட்டார்கள். 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது, பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார். பெரிய தனவந்தர்கள் நாலு பேரைப் பிடித்துக் காரியத்தை முடித்துவிடாமல், கையில் சிறு சேமிப்பு உள்ளவரும் கப்பலில் தமக்கும் ஒரு பலகை சொந்தம் என்று சொல்லிக்கொள்ளும்படி அவர் செய்தார். வாடகைக் கப்பலை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும், சொந்தக் கப்பல் வாங்க அவர் புறப்பட்டு வந்த ஊர் நம்முடைய இந்த மும்பைதான். வந்தால் கப்பலோடு வருவேன், இல்லையேல் கடலில் விழுந்து உயிர் விடுவேன் என்று சூளுரைத்துவிட்டு வந்தவர், ‘காலியோ’ கப்பலைப் பெற்றே தீர்ந்தார். தொழில் நடத்துகிறவராக இருந்துகொண்டே, 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் முன்னின்றவரும் அவரே. சமூகப் பொறுப்புள்ள தொழில்முனைவோர் என்றால் யார் என்று விளக்க எங்களுக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை.

குழுவின் மூத்தவர்கள் இந்நகரத்து நம் வரலாற்றைப் பேசத் தொடங்கினால் கூட்டம் எளிதில் முடியாது. முடிய வேண்டும் என்று நாங்களும் நினைப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் நெல்லைச் சீமையிலிருந்து வந்து, அன்று சதுப்பு நிலமாகக் கிடந்த தாராவியில் தோல் பதனிட்ட குடும்பங்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அந்தத் தொழிலின் நாற்றத்தைச் சொல்லி மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்ட காலத்தில், அந்தத் தோல் தந்த காசில்தான் ஊரில் இருந்த தங்கைகளுக்குத் திருமணம் நடந்தது, தம்பிகளின் படிப்பு நடந்தது. பதனிடும் வேலை பின்னாளில் இடம் பெயர்ந்துவிட்டாலும், பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறைகள் இன்றும் தாராவியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாட்டுங்காவில் குடியேறியவர்களோ தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலகங்களில் அமர்ந்தவர்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தொடங்கப்பட்டது. ஒரு பக்கம் தோல், மறுபக்கம் பேனா என்று இரண்டு கரையாக வாழ்ந்த நம்மவர்கள் ஒரே காரியத்துக்காக ஒரே ரசீதுப் புத்தகத்தில் பெயர் எழுதுவதைப் பார்ப்பதே எங்கள் மூத்தவர்களுக்குப் பெரும் நிறைவாக இருக்கிறது.

கல்விக்கூடத்தில் தொழில் செய்கிறவருக்கு மரியாதை எதற்கு, அறிஞர்களுக்குச் செய்யக் கூடாதா என்று முதல் கூட்டத்தில் ஒரு பெரியவர் வருத்தத்தோடு கேட்டார். அவருக்கு நாங்கள் சொன்னதையே இங்கும் சொல்கிறோம். காரைக்குடியில் 1947இல் கல்லூரி தொடங்கி, பின்னர் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் தந்த அழகப்பச் செட்டியார் தொழிலதிபர்தான். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ.வெங்கடசாமி, பணம் தரக்கூடியவர் தருவதைக்கொண்டு தர இயலாதவருக்கும் அதே சிகிச்சை என்ற கணக்கை நடத்திக் காட்டினார். மூட்டுவாதத்தால் விரல்கள் முறுக்கிக்கொண்ட கையால் ஆயிரமாயிரம் கண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் அவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டறையில் வேலை செய்த கோவை அருணாசலம் முருகானந்தம், பெண்களுக்கான நாப்கின் தயாரிக்கும் எளிய இயந்திரத்தை உருவாக்கி, அதைப் பெரிய கம்பெனிகளிடம் விற்றுவிடாமல் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இவர்களைப் போன்ற ஒருவரோடு மூன்று நாள் உட்கார்ந்து பேசும் வாய்ப்பு, ஆண்டுக்கு எத்தனை லட்சம் சம்பளம் என்ற ஒரே கேள்வியோடு கல்லூரியை விட்டு வெளியேறும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டாமா என்று கேட்டோம். அந்தப் பெரியவர் அன்று மாலையே நான்கு பங்குகளுக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார்.

எனவே இது பொன்னாடை போர்த்தி, கைதட்டி அனுப்பிவிடும் விருதாக இராது. விருது பெறுபவர் மூன்று நாட்கள் பல்கலைக்கழகத்தில் தங்கி மாணவர்களோடு பேச வேண்டும். தொழிலில் தாம் பட்ட நஷ்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் இரண்டு மாணவர்களை ஆறு வாரம் தம் தொழிலிடத்தில் வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். தேர்வுக்கு வருபவர் எவராயினும், தொழிலாளர்களுக்குக் கூலி பாக்கி வைக்காதவராகவும், வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் முறைப்படி கட்டியவராகவும், கழிவுநீரைச் சாக்கடையில் திறந்துவிடாதவராகவும் இருக்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதியிருக்கிறோம். லாபம் எவ்வளவு என்பது நான்காவது கேள்வியாகத்தான் வருகிறது. தமிழர்க்கு மட்டும் என்ற நிபந்தனை இல்லை. நமக்கு இடம் கொடுத்த ஊரில் நாம் வைக்கும் விருது எல்லாருக்கும் பொதுவாக இருப்பதே மரியாதை.

செலவுக் கணக்கு இது. 25,00,000 ரூபாய்க்கு 7 சதவீத வட்டி என்று கொண்டால் ஆண்டுக்கு 1,75,000 ரூபாய் வரும். விருதுத் தொகை 1,00,000. பயிற்சி பெறும் இரண்டு மாணவர்களுக்குத் தலா 20,000 வீதம் 40,000. பயணம், தங்குமிடம், அரங்கம் எல்லாம் சேர்த்து 20,000. மிஞ்சும் 15,000 ரூபாய் முதலோடு சேர்க்கப்படும். விலைவாசி ஏறும்போது விருது தேய்ந்துவிடாமல் இருக்க வேறு வழியில்லை. முதலைத் தொட எவருக்கும், பல்கலைக்கழகத்துக்கும் கூட, அதிகாரம் கிடையாது.

இதுவரை தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெயர்கள் தனித் தாளில் உள்ளன. ஆயினும் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர் ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே கொண்டு வந்து வைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் பஜனை பாடும் தாய்மார்கள் தங்கள் உண்டியலைத் திறந்து, சில்லறையைப் பிரித்து எண்ணி, காகிதத்தில் சுருட்டி இரண்டு பங்குகளுக்கான தொகையைத் தந்தார்கள். பை தைக்கும் பட்டறையில் வேலை செய்யும் பதினோரு பேர் ஒன்றுசேர்ந்து ஒரு பங்கு எடுத்து, ரசீதில் பதினோரு பெயரையும் எழுத வேண்டும் என்றார்கள். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினோம். ரசீதுப் புத்தகங்களைக் கூலியின்றி அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும், கட்டணம் வாங்காமல் கணக்குப் பார்க்கும் தணிக்கையாளருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வைத் துறந்து நடந்த இளைஞர்களுக்கும் எங்கள் வணக்கம் உரியது. எல்லாம் வல்ல இறைவன் இவர்கள் வீடுகளில் குறைவின்றி வைக்கட்டும்.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவரைப் பற்றியும் எழுத வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் உறுப்பினர் இருவர் அவரைப் பார்க்கப் போனபோது, ஈரத்துணி விரித்த தட்டுகளிலிருந்து இட்லிகளைக் கவிழ்த்து அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் ஐந்து சைக்கிள்கள், கைப்பிடியில் ரப்பர் ஹாரன்களோடு நின்றன. ஊரிலிருந்து தம்மிடம் வேலைக்கு வந்த ஐந்து இளைஞர்களுக்கும் மாதக் கூலியைக் கொடுத்து, நீளமான நோட்டு ஒன்றில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார். கையெழுத்துப் போடத் தெரியாமல் வந்த ஒருவருடைய பக்கத்தில் முதல் ஏழு மாதம் கைநாட்டும், எட்டாம் மாதத்திலிருந்து எழுத்தும் இருந்தன. இரவுப் பள்ளிக்கு அனுப்பியது யார் என்று நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. ரொக்கமாகத் தந்தால் வரிச் சலுகை கிடைக்காதே என்றோம். “படிக்கிற பிள்ளைங்களுக்குப் போற காசுல எனக்கு எதுக்குய்யா சலுகை?” என்று சொல்லி, மாவு ஒட்டிய பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகளாக 2,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

அவரை நினைத்துக்கொண்டே அடுத்த விஷயத்தை எழுதுகிறோம், மனத்தாங்கல் வேண்டாம். தொண்ணூறு அடிச் சாலையில் பொங்கல் பானைகள் பொங்கி ஓய்ந்த அன்று மாலை நடந்த கூட்டத்தில் கை தூக்கி ஒப்புக்கொண்ட பங்குகளில் 112 பங்குகளுக்கான 2,80,000 ரூபாய் இன்னும் வரவில்லை. சபையில் சொன்ன சொல் கடன் என்று நம் வீடுகளில் சொல்லியே வளர்த்தார்கள். வேலை போனவர்களும், மருத்துவச் செலவில் சிக்கியவர்களும் தயங்காமல் எங்களிடம் சொல்லிவிடலாம். அவர்கள் பெயரை அடித்துவிட்டு, வெளியே ஒரு வார்த்தை பேசமாட்டோம். வசதி இருந்தும் தள்ளிப் போடுகிறவர்களிடம் கேட்கிறோம்: நம் வீட்டுக் கல்யாண வரவேற்பில் இலையில் மீந்து தொட்டிக்குப் போகும் உணவின் விலை இரண்டு பங்குக்கு வராதா?

குறைவதை ஒரே நாளில் தீர்க்க வழி வந்தது என்பதையும் மறைக்கவில்லை. விருதுக்குத் தம் தந்தையாரின் பெயரைச் சூட்டினால் மீதித் தொகை முழுவதையும் தருவதாக ஒரு செல்வர் முன்வந்தார். நல்லவர்தான், தந்தையின் மேல் உள்ள பக்தியால் கேட்டார். இரண்டு அமர்வுகள் விவாதித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பதினோரு பேர் சேர்ந்து எடுத்த பங்கும், உண்டியல் சில்லறையும் இன்னொருவர் பெயருக்குள் கரைந்து போவதை ஏற்க எங்களால் முடியவில்லை. கம்பெனிகளிடம் போகலாமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் பெரிய கம்பெனிகளை மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது; ஆனால் விருது வழங்கல் போன்றவை அந்தக் கணக்கில் சேரா என்று 2014இலேயே அரசு விளக்கம் சொல்லிவிட்டது. ஆகவே கம்பெனிக் கதவுகளைத் தட்டி மூன்று மாதம் வீணாக்கிய பின்னர் உங்கள் கதவுக்கே வந்து நிற்கிறோம்.

பணம் செலுத்துவது குறித்துச் சில சொற்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கிடையாது. ஒரு பங்கே 2,500 ரூபாய் என்பதால், கழிவு கோருபவர்கள் காசோலை, யு.பி.ஐ., வங்கி மாற்று ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துக. வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளைகள் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களாக இருந்தால் தங்கள் சேமிப்பிலிருந்து தாராளமாகத் தரலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களிடம் வாங்கினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். அதைப் பெறும் அனுமதி நமக்கு இல்லாததால், அவர்கள் அன்போடு அனுப்ப நினைத்தாலும் நாம் வாங்க இயலாது. முழுப் பங்கு எடுக்க முடியாதவர்கள் பட்டறைத் தோழர்களைப் போல இருவர், ஐவர் சேர்ந்து எடுக்கலாம். எத்தனை பெயர் என்றாலும் ரசீதில் எழுதித் தருகிறோம்.

மார்ச் மூன்றாம் ஞாயிறு காலை ஒன்பது மணி முதல் இரவு ஒன்பது மணி வரை குழுவினர் அனைவரும் ரசீதுப் புத்தகங்களோடு வழக்கமான இடத்தில் அமர்ந்திருப்போம். நடக்க இயலாத பெரியவர்கள் சொல்லியனுப்பினால் வீட்டுக்கே வருகிறோம். வசூலான தொகையை மறுநாள் காலை வங்கியில் செலுத்தி, இறுதிக் கணக்கை வந்தது, வராதது இரண்டையும் சேர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

இங்ஙனம்,
விருது நிதிக் குழுவினர்,
மும்பை.