பழுது எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பெய்தால் கரகரவென்று இரைகிறது, மணி அடித்தால் இணையம் அறுந்துபோகிறது என்று சலித்துக்கொண்டு தரைவழித் தொலைபேசியையே திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்களை என் தெருவிலேயே பார்த்துவருகிறேன். கடந்த ஐப்பசியில் நானும் அந்த முடிவுக்கு வந்து, விண்ணப்பம்கூட எழுதி வைத்துவிட்டேன். பழுது என் வீட்டுக்குள்தான் இருந்தது என்பது அதற்குப் பிறகே தெரிந்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மூன்று முறை புகார் பதிவு செய்தேன். இரவு மழையில் இரைச்சல் எழும். மறுநாள் நண்பகலில் லைன்மேன் வரும்போது சுவர் காய்ந்து, டயல் டோன் மணிபோல ஒலிக்கும். மூன்று முறையும் ‘பழுது நீக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. அவர் மீது குற்றமில்லை. கம்பத்திலிருந்து வரும் கம்பி முன்தாழ்வாரத்து ரோசெட் பெட்டியில் முடிகிற வரைக்கும்தான் அவர் பொறுப்பு, அதுவரை லைன் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான்காம் முறை புகார் செய்யாமல், மழை பெய்துகொண்டிருக்கும்போதே ரோசெட்டைத் திறந்தேன். இடி மின்னல் இருந்தால் யாரும் இதைச் செய்யக்கூடாது. ஈரக் கையோடும் கூடாது. சும்மா இருக்கும் லைனில் சுமார் 48 வோல்ட் நேர்மின் அழுத்தம்தான் இருக்கிறது என்றாலும், அழைப்பு வந்து மணி அடிக்கும் நேரத்தில் 75 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மாறுமின்சாரம் வரும், அது சுரீரென்று இழுக்கும். வீட்டுக்குள் செல்லும் கம்பிகள் இரண்டையும் திருகாணியிலிருந்து கழற்றிவிட்டு, நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ஒரே ஒரு தொலைபேசியை மட்டும் அங்கேயே மாட்டிக் கேட்டேன். துளி இரைச்சல் இல்லை. கழற்றிய கம்பிகளைத் திரும்ப மாட்டியவுடன் கரகரப்பு வந்துவிட்டது. மூன்று வாரப் புகாருக்கு ஐந்து நிமிடத்தில் விடை.

மாடி அறைக்குப் பல ஆண்டுகளுக்கு முன் இழுத்த எக்ஸ்டென்ஷன், முற்றத்துச் சுவரில் ஓரிடத்தில் முறுக்கி ஒட்டப்பட்டிருந்தது. மேலே சுற்றியிருந்த கறுப்பு டேப் வெயிலில் இளகி, பிரித்தபோது விரலில் பிசினாக ஒட்டியது. உள்ளே இரண்டு கம்பிகளில் ஒன்று ஓரளவு செம்பு நிறத்திலேயே இருக்க, மற்றொன்று பச்சைக் களிம்பு பூத்து, தொட்டதும் முறிந்தது. இதற்குக் காரணம் உண்டு. தொலைபேசி நிலையத்தில் மின்கலத்தின் நேர்முனையைப் பூமியோடு இணைத்துவிடுகிறார்கள். பூமிக்கு எதிரே கம்பி எதிர்மின் நிலையில் இருந்தால் செம்பு எளிதில் அரிக்கப்படுவதில்லை என்பதே ஏற்பாடு. ஆனால் நனைந்த இணைப்பில் இரு கம்பிகளுக்கும் இடையே ஈரத்தின் வழியாக மின்சாரம் கசியும்போது, நேர்முனைப் பக்கத்துக் கம்பி மெல்ல மெல்ல அரிபடுகிறது. அந்தக் கசிவும் களிம்பும்தான் காதில் கரகரப்பாகக் கேட்கின்றன. மணி அடிக்கும்போது மோடம் இணைப்பை இழப்பதற்கும் இத்தகைய அரைகுறை இணைப்பு காரணமாகலாம். பேச்சையும் இணையத்தையும் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டரை மாற்றுவதற்கு நான் செலவழித்த பணம் வீண்தான்.

முறிந்த இடத்தை மட்டும் ஒட்டாமல் கம்பி முழுவதையும் மாற்றினேன். பழையது தட்டையான இணைக் கம்பி. அதையும் யாரோ மின்விசிறிக்குச் செல்லும் அதே குழாய்க்குள் நுழைத்திருந்தார்கள். இதனால் லைனில் ‘ம்ம்’ என்ற உறுமல் கேட்பது ஒருபுறமிருக்க, மின்கம்பியின் உறை கிழிந்தால் 230 வோல்ட் தொலைபேசிக்குள்ளேயே வந்துவிடும். இதைச் செய்த வீடு கட்டுவோரை எவ்வளவு கடிந்தாலும் தகும். புதிதாக, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஜோடி கொண்ட அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பியைத் தனிக் குழாயில், மின்கம்பியிலிருந்து விலக்கி, நடுவில் ஓர் இணைப்புக்கூட இல்லாமல் இழுத்தோம். நீலமும் வெள்ளையும் லைனுக்கு. ஆரஞ்சு ஜோடி இருப்பில் கிடக்கிறது. இணைப்புத் தவிர்க்க முடியாத இடமானால், லைன்மேன்கள் பயன்படுத்தும் பசை நிரப்பிய பொத்தான் போன்ற கனெக்டரைக் கேட்டு வாங்கி, குறட்டால் அழுத்த வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது அடுத்த மழைக்காலம் வரைகூடத் தாங்காது.

இத்தனைக்கும் பிறகு எதற்கு இந்தப் பழைய செம்புக் கம்பி, ஃபைபருக்கு மாறிவிடலாமே என்று என் மகன் கேட்கிறான். மாறலாம். ஆனால் மின்சாரம் நின்றால் ஃபைபர் பெட்டிக்கு இன்வெர்ட்டர் வேண்டும்; செம்பு லைனில் மாட்டிய சாதாரணத் தொலைபேசி, நிலையத்து மின்கலத்திலிருந்தே உயிர் பெறுகிறது. காவிரிக் கரையில் அடைமழை நாளில் எங்கள் தெரு இருண்டு கிடக்கும்போது அதன் அருமை தெரியும்.

தொலைபேசித் துறையினருக்கு ஒரு வேண்டுகோள். பழுது பார்க்க வருகிறவர் ரோசெட்டில் உள்கம்பிகளைக் கழற்றி ஒரு முறை சோதித்துவிட்டு, ‘பழுது நீக்கப்பட்டது’ என்பதற்குப் பதிலாக, ‘ரோசெட் வரை லைன் சரி, வீட்டுக் கம்பியைப் பாருங்கள்’ என்று குறுஞ்செய்தி வரும்படி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாடுதுறை.