கட்டைவிரல் தடுக்கும் இடம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகள் விடுதிக்குப் போனபின் பியானோ முன்னால் உட்கார நேரம் வாய்த்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். தினமும் ஒரு மணி நேரம் வாசித்தும் மூன்று மாதமாக அதே இடத்தில் நிற்கிறேன் என்று அலுத்துக்கொண்டிருந்தாயே, அதற்குத்தான் இந்த நீளக் கடிதம்.

முதல் நோட்டிலிருந்து (சுரத்திலிருந்து) ஆரம்பிக்கிறாய், தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து. இப்படிச் செய்தால் ஏற்கெனவே வரும் பகுதிதான் நூறு தடவை வாசிக்கப்படும். வராத நாலு நோட்டுக்குப் பத்து தடவைகூடக் கிடைக்காது. கூடவே தடுக்குவதும் பழகிவிடும். கைக்குச் சரி, தப்பு தெரியாது.

நீ சொன்ன சி மேஜர் ஸ்கேலையே எடுத்துக்கொள், சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்று வெள்ளைக் கட்டைகளிலேயே ஏறும் சுரவரிசை. வலது கையில் மூன்று விரல் முடிந்ததும், நாலாவது நோட்டான எஃப்புக்குக் கட்டைவிரல் அடியில் புகுந்து வரவேண்டும். வேகம் கூடினால் உடைவது அங்கேதான். நடுவிரல் இ-யை அழுத்திய பிறகுதான் பலருக்குக் கட்டைவிரல் கிளம்பும். அந்த அவசரத்தில் முழங்கை வெளியே தள்ளும், மணிக்கட்டு திருகும், எஃப் மட்டும் 'டொங்'கென்று விழும். சி-யை விட்டவுடனே கட்டைவிரல் நகர ஆரம்பிக்கவேண்டும், கையும் கூடவே பக்கவாட்டில் போகவேண்டும்.

அதனால் முழு ஸ்கேல் வேண்டாம். டி, இ, எஃப், ஜி நான்கு மட்டும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வை, தட்டுக்கு ஒரு நோட்டு. தொடர்ந்து ஐந்து முறை பிசகில்லாமல் வந்தால் 4 கூட்டு. பிசகினால் 8 குறை. ஐந்தாவது தடவையில் தப்பினாலும் எண்ணிக்கை ஒன்றிலிருந்துதான், இதில் தாட்சண்யம் கூடாது. பிறகு முன்னே ஒரு நோட்டு, பின்னே ஒரு நோட்டு என்று சேர்த்துக்கொண்டே போ. இதை விட்டுவிட்டால் தனியாக வரும், பாட்டுக்குள் வராது. ஃபோனில் பதிவு செய்தும் கேள். வாசிக்கும்போது நம் காது நம் பக்கம்தான் பேசும்.

மெதுவாகவே வாசித்துக்கொண்டிருந்தாலும் தேங்கிவிடுவாய். நின்றுபோன வேகத்துக்கு மேலே இருபது சதவீதம் வைத்து இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார். எந்த விரல் முதலில் சரிகிறது என்று அப்போதுதான் தெரியும். தெரிந்ததும் கீழே இறங்கி அந்த விரலைக் கவனி.

ஒரு மணி நேரத்தையும் ஒரே இடத்தில் கொட்டாதே. மூன்று இடம் எடுத்து, பத்துப் பத்து நிமிடமாக மாறி மாறிச் செய். 1979-இல் ஷே, மார்கன் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் செய்த சோதனையில், மூன்று கை அசைவுகளைக் கலந்து பழகியவர்கள் பழகும்போது தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றாகப் பழகியவர்களைவிட அவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும், விட்டுவிடாதே.

எதிலும் தேர்ச்சி பெறப் பத்தாயிரம் மணி நேரம் பழகவேண்டும் என்கிற கணக்கு உனக்கு வேண்டாம். 1993-இல் வெளிவந்த ஆய்வில் உளவியலாளர் எரிக்சனின் குழு பெர்லினில் பார்த்த சிறந்த வயலின் மாணவர்களுக்கு இருபது வயதில் வந்த சராசரி அது, தேர்ச்சிக்கான எல்லைக்கோடு இல்லை. அவர்களே தனியாகப் பயிற்சி செய்தது வாரத்துக்குச் சுமார் 24 மணி நேரம்தான். பகலில் தூங்கவும் செய்தார்கள், அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை!

முன்கை எரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடு. நேரமில்லாத நாளில் கால் மணியாவது உட்கார். வாரக் கடைசியில் சேர்த்து வைத்து வாசிக்கும் இரண்டு மணி அதற்கு ஈடாகாது. நோட்டுப் புத்தகத்தில் தேதி, இடம், வேகம் மூன்றும் குறி. நேற்று 92-இல் வந்தது இன்று காலை 80-இல்தான் வரும். மனம் தளராதே, உன் உண்மையான வேகம் அந்த 80தான். முன்னேற்றத்தைக் காலை எண்ணை வைத்தே கணக்கிடு.

இரண்டு வாரக் காலை எண்களை எழுதி அனுப்பு. இடது கையைப் பற்றிப் பிறகு பேசலாம், அங்கே கட்டைவிரல் வேறு இடத்தில் மாறும்.

அன்புடன்,
மோகன்