அலைகரையில் காணி பிரிக்குமுன் மட்டம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இறம்பைக்குளம், தாண்டிக்குளம், பண்டாரிகுளம், வைரவபுளியங்குளம், நெளுக்குளம் என்று வவுனியாவில் ஊர்ப்பெயரிலேயே குளம் இருக்கிறது. ஆனாலும் இப்படியான ஊர்களில் காணி பிரிக்கவோ கட்டடம் எழுப்பவோ விண்ணப்பம் வந்து பிணக்கு கிளம்பினால், யாருடைய காணி, யார் எதிர்க்கிறார் என்பதே பேச்சாகிவிடுகிறது. தண்ணீர் எங்கே நிற்கும், எவ்வழியே போகும் என்ற கேள்வி மாரி தொடங்கிய பிறகுதான் எழும். 2016 இல் பொருளாதார மத்திய நிலையம் (மரக்கறி மொத்தச் சந்தை) தாண்டிக்குளத்திலா ஓமந்தையிலா என்று இழுபட்டு, கடைசியில் மதவுவைத்தகுளத்துக்குப் போனதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது பெரிய விடயம், எல்லோரும் பேசினார்கள். பத்துப் பேர்ச் காணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குளம் சுருங்குவதோ பத்துப் பத்துப் பேர்ச்சாகத்தான்.

அலைகரை என்பது மாரியில் குளத்துத் தண்ணீர் ஏறி நிற்கும் ஓரம். ஆடி, ஆவணியில் அது மேட்டுக்காணி போலக் கிடக்கும், மாடு மேயும். மார்கழியில் அங்கே இடுப்பளவு தண்ணீர். நில அளவை வரைபடத்தில் எல்லையும் பேர்ச்சும் இருக்கும், மட்டம் (நிலத்தின் உயரம்) இருக்காது. ஆகவே குளத்தை அண்டிய காணி என்றால், அரை மீற்றர் இடைவெளியில் சமவுயரக் கோடு போட்ட மட்ட வரைபடத்தை உள்ளூராட்சி சபை விண்ணப்பத்தோடு கேட்க வேண்டும். மட்டத்தை வானின், அதாவது குளம் நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வழியும் கட்டின், உச்சியிலிருந்து எடுக்க வேண்டும். வான் பாயும்போது தண்ணீர் அந்த உச்சிக்கு மேலே ஏறித்தான் ஓடும். அந்த உயரத்தையும் கூட்டினால்தான் உயர் வெள்ள மட்டம் கிடைக்கும். அதைக் கூட்டாமல் 'குளத்துக்கு வெளியே' என்று எழுதிக் கொடுப்பதே வழமையான பிழை. 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்ச்சும் சிறுகுளமானால் கமநல அபிவிருத்தித் திணைக்களமும், பெரிய குளமானால் நீர்ப்பாசனத் திணைக்களமும் அந்த மட்டத்தை உறுதிப்படுத்தட்டும்.

வயலை நிரவுவது தனி வழக்கு. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வயலில் மண் கொட்ட முடியாது. கணக்கைப் பாருங்கள்: ஒரு ஏக்கர் வயலில் அரை அடித் தண்ணீர் நின்றால் அது 6 லட்சம் லீற்றருக்கு மேல். வரம்புக்குள் நின்ற அவ்வளவும் அடுத்த மாரியில் பக்கத்து வளவுக்குள் போகும். அந்த ஏக்கரை மூன்றடி உயர்த்த 1,307 கியூப் மண் வேண்டும் (ஒரு கியூப் 100 கன அடி). இறுகுவதற்கு இன்னும் கூட வேண்டும். மூன்று கியூப் ஏற்றும் டிப்பரில் 436 நடை. இத்தனை நடையும் யாருக்கும் தெரியாமல் ஓடியது என்றால் நம்பக் கஷ்டம். கூடவே வாய்க்காலையும் மூடுவார்கள். இரண்டடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள வாய்க்காலுக்குள் 9 அங்குலக் குழாயைப் புதைத்தால் தண்ணீர் போகும் வாய் ஏழில் ஒன்றாகிவிடும். அதையும் அடைக்க ஒரு பொலித்தீன் பை போதும்.

காணி பிரிப்பில் இன்னொரு தந்திரம் உண்டு. ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால், வீதி நீங்கலாகப் பத்து வீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும் என்று நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 ஒழுங்குவிதிகளே சொல்லிவிட்டன. ஒரு ஹெக்டயர் என்பது 395 பேர்ச். ஒரே உரிமையாளர் 390 பேர்ச்சுக்கு ஒரு விண்ணப்பமும், அடுத்த வருடம் பக்கத்துத் துண்டுக்கு இன்னொன்றும் போட்டால் ஒதுக்க எதுவும் மிஞ்சாது. உள்ளூராட்சி சபையின் திட்டமிடல் குழு அண்டைக் காணியின் உறுதியையும் (உரிமைப் பத்திரத்தையும்) பழைய அனுமதிகளையும் சேர்த்துப் பார்த்தால் இது ஒரு நிமிடத்தில் பிடிபடும். ஒதுக்கிய துண்டு பள்ளமா மேடா, அது உள்ளூராட்சி சபையின் பெயருக்கு உறுதி எழுதப்பட்டதா என்பதையும் கேட்க வேண்டும்.

பிரிக்கும் துண்டுக்கு ஆறு பேர்ச், அதாவது 150 சதுர மீற்றர், ஆகக் குறைந்த அளவு. பத்துக்குப் பதினைந்து மீற்றர் துண்டில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடி விட வேண்டுமானால் இரண்டையும் மூலைக்கு மூலை வைக்க வேண்டும். அப்போது உங்கள் குழி பக்கத்து வீட்டுக் கிணற்றை நெருங்கும். குழாய்நீர் எட்டாத இடத்தில் இந்த அளவை அனுமதிப்பது சட்டப்படி சரியாக இருக்கலாம், குடிதண்ணீருக்குச் சரியில்லை.

வன்னியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா, சொந்த உறுதியுள்ள காணியா? அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தச் சம்மதம் இல்லாமல் விண்ணப்பக் கோவை நகரக் கூடாது.

அனுமதியோ மறுப்போ, காரணம் எழுத்தில் இருக்கட்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தால் தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அயலவர்கள் தங்கள் பக்கத்துக் காணியின் மட்ட வரைபடத்தை இப்படிக் கேட்கலாம். அனுமதியின்றி எழும் கட்டடத்துக்கு நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் அறிவித்தல் கொடுத்து, நீதவான் நீதிமன்றத்தில் இடித்தகற்றும் கட்டளை பெற முடியும். ஆனால் அந்த அறிவித்தல் அத்திவாரம் வெட்டும் கிழமையிலேயே போக வேண்டும். கூரை ஏறி, குடும்பம் குடிவந்த பிறகு எந்தச் சபை உறுப்பினரும் அந்த அறிவித்தலைக் கேட்கமாட்டார்.

இங்ஙனம்,
நில அளவை, நகரத் திட்டமிடல் துறைகளில் பணியாற்றும் சிலர்,
வவுனியா.